எடுப்பதா, பொறுப்பதா

சிறுநீரகத்தில் புற்றுநோய், அதுவும் முற்றிய நிலை என்று தெரிந்ததும் கள்ளக்குறிச்சிப் பக்கத்துக் குடும்பங்களில் எழும் முதல் கேள்வி, "ஆபரேஷன் பண்ணி எடுத்துடலாமா?" என்பதுதான். இந்த நோய் தாமதமாகத்தான் பிடிபடுகிறது. ஒன்றுக்குப் போகும்போது ரத்தம் கலந்து வந்தால் உடம்புச் சூடு என்பார்கள். விலாவில் வலித்தால் கல் என்று வாழைத்தண்டுச் சாறு குடிப்பார்கள். நாளெல்லாம் வெயிலில் கரும்பு வெட்டுகிற, மரவள்ளி பிடுங்குகிற ஊரில் கல் வருவது சகஜம், அதனால் அந்த நினைப்பைக் குறை சொல்லவும் முடியாது. ரத்தம் இரண்டு நாளில் தானாக நின்றுவிடுகிறது, மறந்தும் போகிறது. எடை குறைந்து, இருமல் வந்து, ஒருநாள் ஸ்கேன் எடுக்கும்போது சிறுநீரகத்தில் பெரிய கட்டியும் நுரையீரலில் புள்ளிகளும் தெரிகின்றன. உடம்புக்குள் இருக்கும் அந்தப் பெரிய கட்டியை ஒரு நாள்கூட விட்டுவைக்கக் கூடாது என்று வீட்டாருக்குத் தோன்றுவது இயல்பு. ஆனால் அந்த அவசரம் பலருக்கு உதவுவதில்லை, சிலருக்குக் கெடுதலாகவே முடிகிறது என்பதற்கு இன்று நல்ல ஆதாரம் இருக்கிறது. சிறுநீரகத்தை எடுக்கலாமா என்று கேட்பதற்கு முன்னால், எதற்காக எடுக்கிறோம், இப்போதே எடுக்க வேண்டுமா என்ற இரண்டையும் கேட்டாக வேண்டும். கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வருகிற ஏழை நோயாளிக்கு இந்த இரண்டு கேள்விகளும் மற்றவர்களைவிடக் கூடுதலாகத் தேவைப்படுகின்றன.

முற்றிய நோய் என்ற ஒரே பேச்சுக்குள் இரண்டு வேறு நிலைமைகள் அடங்கியிருப்பதை முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். சிலருக்குக் கட்டி சிறுநீரகத்தைத் தாண்டி, அதன் ரத்தக்குழாய் வழியாக வயிற்றின் பெருஞ்சிரைக்குள் விரல்போல வளர்ந்திருக்கும்; அரிதாக இதயம் வரைகூட ஏறியிருக்கும். ஆனால் நுரையீரல், எலும்பு, கல்லீரல், மூளை எங்கும் பரவியிருக்காது. இவர்களுக்குக் கத்திதான் முதல் வைத்தியம். வழக்கமான கீமோவுக்கும் கதிர்வீச்சுக்கும் இந்தப் புற்றுநோய் பெரிதாகப் பணிவதில்லை. அப்படியே விட்டால் பெரும்பாலும் சில மாதங்களில் முடிந்துவிடும். சிறுநீரகத்தோடு சிரைக்குள் இருக்கும் பகுதியையும் முழுவதும் எடுத்துவிட்டால் ஏறக்குறைய பாதிப்பேர் ஐந்தாண்டுகளைத் தாண்டுகிறார்கள் என்று பல மருத்துவமனைகளின் பதிவுகள் காட்டுகின்றன. பெரிய அறுவைதான், கட்டி மேலே ஏறியிருந்தால் இதய அறுவை மருத்துவரும் உடன் நிற்க வேண்டும், மேசையிலேயே உயிர் போகும் ஆபத்தும் உண்டு. இருந்தும் உடல் தாங்கும் என்றால் துணிய வேண்டிய அறுவை அது. "முத்திப்போச்சு, இனிமே எதுக்கு" என்று இப்படிப்பட்டவரை வீட்டுக்கு அழைத்துப் போவது பெரும் தவறு. இனி நான் சொல்லப்போகும் தயக்கம் எதுவும் இவர்களுக்குப் பொருந்தாது. ஏற்கெனவே வேறு உறுப்புகளுக்குப் பரவிவிட்டவர்களைப் பற்றியது அது.

பரவிய பிறகும் சிறுநீரகத்தை எடுப்பது ஏன் வழக்கமானது? வெறும் பழக்கத்தால் வந்ததல்ல. தாய்க்கட்டியை எடுத்த பின் நுரையீரலில் இருந்த புள்ளிகள் தாமாகவே மறைந்துபோன நோயாளிகள் உண்டு. நூற்றில் ஒருவருக்குக்கூட நடக்காத அதிசயம் அது. ஆனாலும், பெரிய கட்டி உடலின் எதிர்ப்புச் சக்தியை மழுக்குகிறது, அதை அகற்றினால் உடல் மீதி நோயோடு போராடும் என்ற எண்ணத்துக்கு அது இடம் கொடுத்தது. 2001-ல் இரண்டு ஆய்வுகள் வெளிவந்தன, ஒன்று அமெரிக்காவில், ஒன்று ஐரோப்பாவில். இண்டர்ஃபெரான் என்ற ஊசி மருந்தை மட்டும் பெற்றவர்களையும், முதலில் சிறுநீரகத்தை எடுத்துவிட்டு அதே மருந்தைப் பெற்றவர்களையும் அவை ஒப்பிட்டன. அமெரிக்க ஆய்வில் மருந்து மட்டும் பெற்றவர்களில் பாதிப்பேர் 8 மாதம் வரை வாழ்ந்தார்கள். அறுவையும் செய்துகொண்டவர்களுக்கு அது 11 மாதமானது. ஐரோப்பாவில் 7 மாதத்துக்கு எதிராக 17 மாதம். அதற்குப் பிறகு பரவியிருந்தாலும் சிறுநீரகத்தை எடுத்துவிடுவதே முறை என்று உலகம் முழுவதும் நிலைத்தது. இன்று மூத்த அறுவை மருத்துவர் ஒருவர் "எடுத்துடலாம்" என்று சொன்னால் அதன் பின்னால் இந்த ஆதாரம் நிற்கிறது. அவர் அறியாமல் பேசுவதாக எண்ணக் கூடாது.

ஆனால் இண்டர்ஃபெரான் மிக வலுவற்ற மருந்து. அது பெரிதாக எதையும் செய்யாத காலத்தில் கத்தி கொடுத்த சில மாதங்கள் பெரிதாகத் தெரிந்தன. 2006 வாக்கில் சுனிடினிப் போன்ற மாத்திரைகள் வந்தன. கட்டிக்குப் புதிய ரத்தக்குழாய் வளர்வதைத் தடுப்பவை இவை. ஊரில் எல்லோரும் பயப்படும் கீமோ போன்ற மருந்து அல்ல. நல்ல மருந்து கையில் இருக்கும்போதும் முதலில் அறுவை வேண்டுமா என்பதைச் சோதிக்க பிரான்சு மருத்துவர்கள் தலைமையில் கார்மெனா என்ற ஆய்வு 2009-ல் தொடங்கியது. 450 நோயாளிகள். முடிவு 2018-ல் வெளியானது. அறுவை செய்து பிறகு மாத்திரை பெற்றவர்களில் பாதிப்பேர் வாழ்ந்தது 13.9 மாதம், அறுவையே இல்லாமல் மாத்திரை மட்டும் பெற்றவர்களுக்கு 18.4 மாதம். மாத்திரை மட்டுமே மேல் என்று நிரூபிக்க இந்த வித்தியாசம் போதாது. ஆனால் அறுவையை விட்டதால் மொத்தத்தில் ஆயுள் குறையவில்லை என்று காட்டப் போதும். அந்த ஆய்வில் என்னை நிறுத்திய எண் வேறொன்று. அறுவைப் பிரிவில் சேர்க்கப்பட்ட 226 பேரில் 40 பேருக்கு மாத்திரை ஒரு வேளைகூடக் கிடைக்கவில்லை. பெரும்பாலும் பிரான்சின் மருத்துவமனைகளில் நடந்த ஆய்விலேயே, பணமும் தூரமும் பெரிய தடையாக இல்லாத இடத்திலேயே, ஆறில் ஒருவருக்கும் அதிகமானோருக்கு உண்மையான மருந்து எட்டவில்லை. சிலருக்கு அறுவைக்குப் பின் உடல் தேறவில்லை, சிலருக்கு அதற்குள் நோய் முந்திக்கொண்டது.

அடுத்த ஆண்டு வெளியான சர்டைம் என்ற ஐரோப்பிய ஆய்வு சிறியது. 450-க்கு மேல் சேர்க்கத் திட்டமிட்டு 99 பேரைத்தான் சேர்க்க முடிந்தது. அதனால் அதன் எண்களை முழுப்பலத்தோடு நம்ப முடியாது. ஆனால் அது கேட்ட கேள்விதான் நமக்கு முக்கியமானது: உடனே எடுப்பதா, முதலில் சில வாரம் மாத்திரை கொடுத்து, நோய் அடங்குகிறதா என்று பார்த்து, அடங்கினால் எடுப்பதா? உடனே எடுத்தவர்களில் பாதிப்பேர் 15 மாதம் வாழ்ந்தார்கள். பொறுத்துப் பார்த்தவர்களுக்கு அது 32.4 மாதமானது. மாத்திரையை மீறி நோய் பாய்ந்தவர்களுக்கு அறுவை தவிர்க்கப்பட்டது; அவர்களுக்கு ஒரு பெரிய வெட்டும் ஆறு வார வலியும் மிச்சமானது. மருந்துக்கு அடங்கியவர்கள் பிறகு கத்திக்குப் போனார்கள். கார்மெனாவிலும் மாத்திரைப் பிரிவில் 38 பேர் பின்னால் சிறுநீரகத்தை எடுத்துக்கொண்டார்கள், பெரும்பாலும் மருந்து நன்றாக வேலை செய்ததால் அல்லது கட்டி தொல்லை கொடுத்ததால். ஆகவே அறுவை காலாவதியாகிவிட்டது என்று யாரும் சொல்லவில்லை. வரிசை மாறியிருக்கிறது. நோயின் போக்கை மருந்து முதலில் காட்டிக்கொடுக்கிறது. கத்தியால் யாருக்குப் பயன் என்பது அதன் பிறகு தெரிகிறது.

இதற்கு நியாயமான மறுப்புகள் உண்டு. கார்மெனாவில் சேர்ந்தவர்களில் நூற்றுக்கு 40-க்கு மேற்பட்டோர் மிக மோசமான நிலையில் இருந்தவர்கள். நல்ல நிலையில் இருந்தவர்களை அறுவை மருத்துவர்கள் ஆய்வுக்கு அனுப்பாமல் தாங்களே அறுவை செய்திருப்பார்கள் என்ற ஐயம் பலமானது. அதோடு சுனிடினிப்பும் இன்று பழைய மருந்து. 2018-ல் நிவோலுமாப், இபிலிமுமாப் என்ற எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் ஊசிகள் இரண்டும் சேர்ந்து சுனிடினிப்பைவிடக் கூடுதல் ஆயுள் தருவதாக ஓர் ஆய்வு நிறுவியது. ஆனால் அந்த ஆய்வில் இருந்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பேருக்கு ஏற்கெனவே சிறுநீரகம் எடுக்கப்பட்டிருந்தது. எனவே அறுவையை ஒதுக்க அந்த ஊசிகளை ஆதாரமாகக் காட்ட முடியாது என்று ஒருவர் சொன்னால் அது சரியான வாதம். புதிய ஊசிகளோடு அறுவையைச் சேர்த்தால் என்ன ஆகும் என்பதை அறிய இப்போது தனி ஆய்வுகள் நடக்கின்றன. நான் இதை ஏற்கிறேன். ஆனால் இந்த மறுப்பு எல்லோரையும் உடனே அறுவைக்கு அனுப்பச் சொல்லவில்லை. ஆட்களைத் தேர்ந்தெடுத்து அனுப்பச் சொல்கிறது. பரவல் மிகக் குறைவாக, இரண்டொரு இடத்தில் மட்டும் இருந்து, உடல் திடமாகவும் இருப்பவருக்கு உடனடி அறுவை இன்றும் நல்ல வழியாக இருக்கலாம். கார்மெனாவைத் திரும்ப அலசியபோதும் ஒரே ஒரு ஆபத்துக் குறி மட்டும் இருந்தவர்களுக்கு அறுவை நன்மை தந்ததாகவும், இரண்டோ கூடுதலோ இருந்தவர்களுக்கு மருந்தே மேலாக இருந்ததாகவும் தெரிந்தது.

அந்த ஆபத்துக் குறிகள் ஆறு. அவற்றில் நான்கு, சாதாரண ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்: ரத்தசோகை, ரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து கூடியிருப்பது, வெள்ளணுக்களில் ஒரு வகை மிகுந்திருப்பது, தட்டணுக்கள் மிகுந்திருப்பது. மற்ற இரண்டு, வழக்கமான வேலைகளைச் செய்ய முடியாத அளவு தளர்ந்திருப்பதும், நோய் தெரிந்து ஓராண்டுக்குள்ளேயே மருந்து தொடங்க வேண்டி வந்ததும். முதல் ஸ்கேனிலேயே பரவல் தெரிந்தவருக்குக் கடைசிக் குறி தானாகவே வந்துவிடுகிறது. அதன் பிறகு இன்னொன்று சேர்ந்தாலே கணக்கு மாறிவிடும். இவ்வளவு பெரிய முடிவின் பாதி, கள்ளக்குறிச்சியிலேயே எடுக்கக்கூடிய ரத்தப் பரிசோதனையில் இருக்கிறது என்பது எனக்கு ஆறுதல் தருகிறது. ஆனால் ஒரு எச்சரிக்கையும் சொல்லத் தோன்றுகிறது. மலைக்கிராமங்களில் போதிய உணவின்மையாலும் குடற்புழுவாலும் ரத்தசோகை பரவலாக இருக்கும். அதையும் புற்றுநோயின் குறியாக எண்ணிவிட்டால், அறுவையால் பயன்பெறக்கூடிய ஒருவர் கணக்கில் தவறி விழலாம். எண்ணைப் பார்க்கும் மருத்துவர் ஆளையும் பார்க்க வேண்டும்.

இனி, ஆய்வுக் கட்டுரைகளில் வராத மறுப்பு. எனக்கு மிகக் கனமாகத் தெரிவதும் இதுதான். அறுவை ஒருமுறை, மருந்து மாதாமாதம். அறுவை முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் வந்துவிடும். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை அட்டை இருக்கிறது. மாத்திரை என்றால் எத்தனை மாதம், எத்தனை முறை பஸ் ஏறி இறங்குவது, கூட வருகிறவருக்கு எத்தனை நாள் கூலி போகும்? வெள்ளிமலை, சேராப்பட்டு, இன்னாடு பக்கத்து ஊர்களிலிருந்து மலை இறங்கிக் கள்ளக்குறிச்சி வந்து, அங்கிருந்து சேலத்துக்கோ முண்டியம்பாக்கத்துக்கோ புதுச்சேரி ஜிப்மருக்கோ போவது ஒரு முழு நாள் வேலை. 2024 ஜூனில் கருணாபுரத்தில் விஷச்சாராயம் குடித்தவர்களைப் பிரித்து அனுப்பியதும் இதே மூன்று திசைகளுக்குத்தான். பெரிய நோய்க்கு இந்த மாவட்டத்தின் வரைபடம் அப்படித்தான் இருக்கிறது. அதனால் குடும்பம் கத்தியைத் தேர்ந்தெடுக்கும்போது அது மருத்துவத் தேர்வாக மட்டும் இருப்பதில்லை. ஒரே மூச்சில் முடிந்துவிடும் செலவைத் தேர்ந்தெடுக்கிறார்கள். இதை அறியாமை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கையில் இருப்பதை வைத்துச் சரியாகக் கணக்குப் போடுகிறார்கள்.

ஆனால் அந்தக் கணக்கில் ஒரு வரி விடுபடுகிறது. பரவிய நோயில் அறுவையோடு எதுவும் முடிவதில்லை. சிறுநீரகத்தை எடுத்த பிறகும் அதே மாத்திரை வேண்டும். அறுவை காப்பாற்றிவிடும் என்று நம்பி, மாத்திரைக்கு வழி தேடாமல் வீடு திரும்புகிறவர் இரண்டு செலவையும் செய்து ஒன்றின் பலனையும் முழுதாகப் பெறுவதில்லை. அறுவைக்குப் பின் ஆறு முதல் எட்டு வாரம் கனமான வேலை எதுவும் முடியாது. மிச்சமிருக்கும் ஒற்றைச் சிறுநீரகத்தை ஆயுள் முழுக்கக் காக்க வேண்டும். "கத்தி பட்டா பரவிடும்" என்று ஊரில் சொல்வார்கள். கத்தியால் பரவுவதில்லை. ஆனால் அந்தப் பேச்சு வெறும் மூடநம்பிக்கையிலிருந்து மட்டும் பிறந்திருக்காது என்று நினைக்கிறேன். ஏற்கெனவே பரவியிருந்த ஒருவர், அறுவைப் புண் ஆறக் காத்திருந்த வாரங்களில் மருந்து இல்லாமல் கிடந்து, தையல் பிரிப்பதற்குள் மோசமானதை ஊர் பார்த்திருக்கும். கார்மெனாவின் அந்த 40 பேரையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம். ஊர் கண்டது உண்மை. அதற்குச் சொன்ன காரணம்தான் தவறு.

சுனிடினிப்பும் பசோபனிப்பும் இந்தியக் கம்பெனிகளின் தயாரிப்பாகக் கிடைக்கின்றன. எந்த மருந்து எந்தத் திட்டத்தில் வரும், எந்த அரசு மருத்துவமனையில் இலவசம் என்பதை அறுவைத் தேதி குறிப்பதற்கு முன்பே காப்பீட்டு மேசையிலும் சமூக சேவகரிடமும் கேட்டுவிட வேண்டும். ஊசி மருந்துகளின் விலை இன்னும் எட்டாத உயரம். மும்பை டாடா நினைவு மருத்துவமனை தலை, கழுத்துப் புற்றுநோயில் நிவோலுமாப்பை வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகக் கொடுத்துப் பலன் கண்டது. அதைச் சிறுநீரகத்துக்கு அப்படியே பொருத்தக் கூடாது, ஆனாலும் ஏழை நாட்டுக்கு ஏற்ற ஆராய்ச்சி எந்தத் திசையில் போக வேண்டும் என்று அது காட்டுகிறது.

மாத்திரை என்றால் சுலபம் என்று யாரும் எண்ண வேண்டாம். சுனிடினிப்பை நான்கு வாரம் சாப்பிட்டு இரண்டு வாரம் நிறுத்துவது வழக்கம். ரத்த அழுத்தம் ஏறும், வாய் புண்ணாகும், உடல் அசந்துபோகும். உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து கொப்பளித்துத் தோல் உரியும். நகரத்தில் நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்கிறவருக்கு இது தொந்தரவு. கல்வராயன் மலையில் செருப்பில்லாமல் ஏறி இறங்கி, மண்வெட்டி பிடித்துப் பிழைக்கும் மலையாளிப் பழங்குடி விவசாயிக்கு இது பிழைப்பையே நிறுத்துவது. மருந்தின் அளவைக் குறைத்தோ நாட்களை மாற்றியோ சரிசெய்யலாம், ஆனால் அதற்குக் கொப்புளம் வந்த வாரமே யாராவது பார்க்க வேண்டும். இங்கேதான் பொறுத்திருக்கும் வழியைப் பற்றிய மிகக் கடுமையான மறுப்பு வருகிறது: மலைக்கு அனுப்பினால் ஆள் திரும்பி வரமாட்டார், மூன்று மாத ஸ்கேன் நடக்காது, அதற்கு இப்போதே எடுத்துவிடுவது நல்லது என்பார்கள். நல்லெண்ணத்தில் பிறந்த வாதம்தான். ஆனால் திரும்பி வர முடியாதவருக்கு அறுவை செய்து அனுப்பினாலும் அவர் மாத்திரைக்குத் திரும்பி வரப்போவதில்லை. பின்தொடர முடியாமை இரண்டு வழியையும் ஒரே அளவில் கெடுக்கிறது. நோயாளியின் உடம்பில் கத்தி வைத்து இந்தக் குறையைச் சரிசெய்ய முடியாது. அது நிர்வாகத்தின் வேலை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளும் வலித்தணிப்புச் சிகிச்சையும் வீட்டுக்கே போகின்றன. அதே ஊழியர் இந்த நோயாளியின் ரத்த அழுத்தத்தையும் உள்ளங்காலையும் பார்த்துச் சிறுவங்கூரில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரிக்குச் சொல்ல முடியும். அந்தக் கல்லூரி இல்லாத காலத்தில் இது கனவு. 2024-ல் சென்னை உயர் நீதிமன்றம் தாமாக முன்வந்து கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலையை வழக்காக எடுத்தபோது சாலையும் மருத்துவமும் பேசப்பட்டன. மருத்துவம் என்றால் பிரசவத்துக்கும் பாம்புக்கடிக்கும் மட்டும் என்று நின்றுவிடக் கூடாது.

பரவிய பிறகும் உடனே எடுத்தாக வேண்டிய சந்தர்ப்பங்கள் உண்டு. கட்டியிலிருந்து ரத்தம் நிற்காமல் போகிறது, வாரம் ஒருமுறை ரத்தம் ஏற்ற வேண்டியிருக்கிறது, அல்லது வலி எந்த மருந்துக்கும் கேட்கவில்லை என்றால் அறுவை ஆயுளை நீட்டாவிட்டாலும் இருக்கும் நாளை நல்லபடி ஆக்கும். அப்போதும் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தக்குழாயை உள்ளே குழாய் விட்டு அடைப்பது முடியுமா என்று முதலில் கேட்கலாம். எலும்பில் பரவி வலித்தால் அந்த இடத்துக்குக் கதிர்வீச்சு நன்றாக உதவும். கடும் வலிக்கான மார்ஃபின் மருந்தைப் பெறுவதை எளிதாக்க 2014-ல் சட்டமே திருத்தப்பட்டது. "போதை மருந்து" என்று பயந்து வலியில் கிடக்கத் தேவையில்லை. எதுவும் வேண்டாம், வலியில்லாமல் வீட்டில் இருந்தால் போதும் என்று எழுபது வயதைத் தாண்டிய, தளர்ந்த ஒருவர் சொன்னால் அதுவும் ஆதாரத்தோடு கூடிய முடிவுதான். ஆனால் அதைச் சொல்ல அவருக்கு நோய் என்னவென்று தெரிந்திருக்க வேண்டும். "அப்பாகிட்ட கல்லுன்னு சொல்லியிருக்கோம் சார்" என்று பிள்ளைகள் மருத்துவரிடம் கிசுகிசுப்பது அன்பினால்தான். ஆனால் கல் என்று நம்புகிறவர் அறுவை முடிந்ததும் குணமாகிவிட்டதாக எண்ணுவார். மாதக்கணக்கில் மாத்திரை எதற்கு என்று கேட்டு நிறுத்திவிடுவார். அவரிடம் மறைத்தால் சிகிச்சையே கெடுகிறது.

ஜிப்மரிலோ அடையாறு, வேலூர் மருத்துவமனைகளிலோ அறுவை, புற்றுநோய், கதிர்வீச்சு மருத்துவர்கள் ஒன்றாக உட்கார்ந்து ஒருவரின் ஸ்கேனைப் பார்த்து முடிவு செய்யும் வழக்கம் இருக்கிறது. என் நோயாளியை அந்தக் குழுவில் பேசினீர்களா என்று கேட்க எந்தக் குடும்பத்துக்கும் உரிமை உண்டு. இப்போது அறுவை வேண்டாம் என்று அவர்கள் சொன்னால், ஏன் தள்ளிவைக்கிறோம், எந்த மாதம் எந்த ஸ்கேன், கட்டி எவ்வளவு சுருங்கினால் அறுவைக்கு வர வேண்டும், எந்த அறிகுறி வந்தால் அதற்கு முன்பே வர வேண்டும் என்பதைச் சீட்டில் தமிழிலும் எழுதித் தரச் சொல்ல வேண்டும். "பிறகு பார்க்கலாம்" என்ற வாய்மொழியோடு மலை ஏறுகிற குடும்பம் கைவிடப்பட்டதாகத்தான் உணரும். தேதியும் காரணமும் எழுதிய சீட்டு கையில் இருந்தால் மலைமேல் உள்ள கரியாலூரில் பார்க்கும் மருத்துவரும் செவிலியரும் அதைப் படித்து, அடுத்த ஸ்கேனுக்கு ஆளை நேரத்துக்கு இறக்கிவிட முடியும்.